அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்துப் புகழ்பெற்றவர்கள், பாடம் நடத்தியவர்கள் யார் யார்? இணைப்புக் கல்லூரியில் படித்தாலும் அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ளலாமா?

நீங்கள் இப்போதுதான் ப்ளஸ் டூ முடித்திருக்கிறீர்கள், பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகள் இருக்கிற கிண்டியோ குரோம்பேட்டையோ கிடைக்கிற அளவுக்குக் கட்-ஆஃப் வரவில்லை, வீட்டில் ஏதோ ஒரு இணைப்புக் கல்லூரியை, அதாவது வேறு நிர்வாகம் நடத்தி அண்ணா பல்கலைக்கழகம் பட்டம் தருகிற கல்லூரியைப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். 2004-இல் நானும் இதே கேள்வியோடுதான் நின்றேன். அப்போது கேட்க இப்படி ஒரு இடம் கிடையாது.

முதலில் நீங்கள் கேட்ட பெயர்கள். அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) வானூர்திப் பொறியியல் படித்தார். அவருடைய சேர்க்கைக் கட்டணத்துக்காக அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்ததை அவரே எழுதியிருக்கிறார். இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவனும் அங்கே அதே துறைதான், 1980-இல் முடித்தார். கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயி மகன், தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்தவர், அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. எழுத்தாளர் சுஜாதா அங்கே மின்னணுவியல் படித்தார். பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரி என்றால் பால் புரட்சி செய்த வர்கீஸ் குரியன், 1994-இல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது வாங்கிய ராஜ் ரெட்டி, கிரிக்கெட்டில் வெங்கட்ராகவன், ஸ்ரீகாந்த், அப்புறம் கிரேசி மோகன். ஆசிரியர் பக்கம் வா.செ. குழந்தைசாமி. நீரியல் அறிஞர், 1981 முதல் 1990 வரை துணைவேந்தர், குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதியவர், 1988-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றவர். அவருக்கு அடுத்து வந்தவர் மு. ஆனந்தகிருஷ்ணன். கலாமும் குடியரசுத் தலைவர் ஆவதற்கு முன்பு சில மாதங்கள் இங்கே பேராசிரியராக இருந்தார்.

இதுவரை யாரும் சொல்லிவிடுவார்கள். உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை எழுத வைத்தது.

2008-இல் படிப்பை முடித்துவிட்டு சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனேன். பெயர் வேண்டாம். என் ரெஸ்யூமில் 'பி.இ., மின்னியல், அண்ணா பல்கலைக்கழகம்' என்று எழுதி, அதற்கு அடுத்த வரியில் கல்லூரிப் பெயரையும் எழுதியிருந்தேன். எதிரே இருந்தவர் முதல் வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கிண்டியா?" என்றார். "இல்லைங்க சார், இணைப்புக் கல்லூரி" என்று ஊர்ப் பெயரைச் சொன்னேன். "அப்படின்னா இதைப் போடக்கூடாதும்மா" என்று பேனாவை எடுத்து 'அண்ணா பல்கலைக்கழகம்' என்பதை அடித்தார். என் கண் முன்னாலேயே. அதற்குப் பிறகு மின்னியலில் ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. ஹாஸ்டல் வாழ்க்கை எப்படி, கல்யாணம் எப்போது, சென்னையில் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா, அவ்வளவுதான். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பட்டத்தில் துணைவேந்தர் கையெழுத்து இருக்கிறது, பல்கலைக்கழக முத்திரை இருக்கிறது. அவர் எதை அடித்தார்?

கிண்டியில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் கோபப்பட வேண்டாம். அவர்களுடைய மார்க் எனக்கு வரவில்லை, அது உண்மை. அங்கே இருக்கிற ஆய்வகமும் நூலகமும் எங்களுக்குக் கிடைக்கவில்லை, அதுவும் உண்மை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். கிண்டி 1794-இல் எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி 1944-இல். சி. ராஜம் தன் வீட்டை விற்று எம்.ஐ.டி.யை ஆரம்பித்தது 1949-இல். இவற்றையும் கட்டடக்கலைப் பள்ளியையும் சேர்த்துப் பல்கலைக்கழகம் ஆக்கியது 1978-இல். அப்போது அதன் பெயர் பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இன்றைய பெயர் 1982-இல்தான் வந்தது. அப்படியென்றால் ஐம்பதுகளில் படித்த கலாமின் சான்றிதழில் அண்ணா பல்கலைக்கழகம் என்று இருந்திருக்கவே முடியாது. குரியன், ராஜ் ரெட்டி காலத்தில் கிண்டி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. பட்டியல் போடுகிறவர்கள் அவர்களையெல்லாம் பெருமையோடு சேர்த்துக்கொள்கிறார்கள். சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் 2001-க்குப் பிறகு மாநிலம் முழுக்க இருந்த பொறியியல் கல்லூரிகளை இணைத்து, லட்சக்கணக்கான பிள்ளைகளின் சான்றிதழில் அந்தப் பெயரை அச்சடித்துக் கொடுத்த பிறகு, அவர்கள் மட்டும் அதைச் சொல்லக்கூடாது என்றால் என்ன நியாயம்? என் தம்பி 2008-இல் சேர்ந்தான். அதற்குள் பல்கலைக்கழகத்தைப் பிரித்திருந்தார்கள். அவனுடைய ஹால் டிக்கெட்டில் அண்ணா பல்கலைக்கழகம், திருச்சிராப்பள்ளி என்று இருக்கும். 2012-இல் மறுபடியும் ஒன்றாக்கினார்கள். ஒரே வீட்டில் இரண்டு அண்ணா பல்கலைக்கழகம். எங்கள் அப்பாவுக்கு இதை விளக்கிச் சொல்லி முடியவில்லை.

கிண்டி வளாகத்துக்குள் நான் காலை வைத்தது ஒரே ஒரு நாள், கவுன்சலிங் அன்று. எங்கள் ஊர் அரியலூர் பக்கம். அப்பா சிமென்ட் ஆலையில் எலக்ட்ரீஷியனுக்கு ஹெல்பராக இருந்தார். ட்ரிபிள் ஈ, அதாவது மின்னியல், மின்னணுவியல் எடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது அதனால்தான். ராத்திரி பஸ் ஏறி விடிகாலை கோயம்பேட்டில் இறங்கி, அங்கேயே முகம் கழுவிக்கொண்டு போனோம். அந்தப் பழைய சிவப்புக் கட்டடத்தைப் பார்த்ததும் அப்பா செருப்பைக் கழற்றப் போனார். "கோயில் இல்லப்பா" என்று தடுத்தேன். அப்போது நுழைவுத்தேர்வையும் சேர்த்து முந்நூறுக்குக் கட்-ஆஃப், எனக்கு 262. உள்ளே பெரிய திரையில் ஒவ்வொரு கல்லூரிக்கும் நேரே மீதி இடங்கள் குறைந்துகொண்டே வரும். என் முறை வந்தபோது கிண்டிக்கு நேரே பூஜ்யம். குரோம்பேட்டைக்கு நேரேயும் பூஜ்யம். இருந்ததில் ஒன்றைத் தொட்டுவிட்டு வந்தேன்.

அப்போது அழுதேன். இப்போது யோசித்தால், ஒரு ஹெல்பரின் மகளுக்கு யார் சிபாரிசும் இல்லாமல், நன்கொடை என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் ஒரு பொறியியல் இடம் கிடைத்ததே அந்தத் திரையால்தான். எல்லா இடங்களையும் ஒரே இடத்தில் மதிப்பெண் வரிசைப்படி கொடுக்கிற அந்த ஒற்றைச் சாளர முறையைக் கொண்டுவந்தவர் என்று ஆனந்தகிருஷ்ணனைத்தான் சொல்கிறார்கள். நுழைவுத்தேர்வு வேண்டாம் என்று அரசுக்குப் பரிந்துரைத்ததும் அவர் தலைமையிலான குழுதான். 2021 மே மாதம் கொரோனாவில் இறந்துபோனார். நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் புகழ்பெற்ற ஆசிரியர் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது அவர் பெயர்தான்.

இரண்டாவதாக வருவது எங்கள் மேடம். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. நானும் எழுதப் போவதில்லை, அவரிடம் கேட்கவில்லை. கிண்டியில் எம்.இ. முடித்துவிட்டு எங்கள் கல்லூரிக்கு வந்தவர். மெஷின்ஸ் லேபுக்கு, அதாவது மின் இயந்திர ஆய்வகத்துக்கு வரும் நாளில் முந்தானையை இறுக்கிச் செருகி, வளையலைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

நாலாவது செமஸ்டர். டி.சி. ஷண்ட் மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுச் சோதனை. மோட்டாரைக் கிளப்பும் முன் ஃபீல்ட் ரியோஸ்டாட்டை, அதாவது மோட்டாரின் காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைக்கிற மின்தடையை, குறைந்தபட்சத்தில் வைக்க வேண்டும். முந்தைய பேட்ச் அதை அதிகபட்சத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. ஸ்டார்ட்டர் கைப்பிடியை நகர்த்த நகர்த்த மோட்டார் சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஃபீல்ட் பலவீனமானால் வேகம் கூடும் என்று முந்தின வாரம்தான் பரீட்சையில் எழுதியிருந்தேன். ஆனால் அந்தச் சத்தம்தான் அது என்று எனக்குத் தெரியவில்லை. அடித்தளமே அதிர்ந்தது. கை கைப்பிடியிலேயே ஒட்டிக்கொண்டது போல நின்றேன். மேடம் எங்கிருந்து வந்தார் என்று தெரியாது, மெயின் சுவிட்சை இழுத்துப் போட்டார்.

பக்கத்தில் இருந்த பையன்கள், பொண்ணுங்க ரீடிங் எழுதட்டும், நாங்க ஓட்டுறோம் என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள், எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. மேடம் விடவில்லை. "மோட்டார் நிக்கட்டும். அப்புறம் நீயே போடு" என்றார். அது நிற்கும்வரை நேரம் போக வேண்டுமே, அப்போது ஒரு கதை சொன்னார். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டில் விதவை, கையில் நாலு மாதக் குழந்தை. அப்படி ஒரு பெண் 1940-இல் கிண்டியில் மின்னியல் சேர்ந்தார், இதே மாதிரி மோட்டாரை இதே மாதிரி கையால் ஓட்டினார் என்றார். பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை. மேடத்தின் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் சொன்னதாம்.

சரி, நான் மறுபடி ஓட்டினேன். ரியோஸ்டாட்டை மூன்று தடவை பார்த்துவிட்டு.

அந்தப் பெயர் லலிதா என்பது பல வருடம் கழித்து ஒரு செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்தது. அ. லலிதா, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். அவர் அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டியிலேயே மின்னியல் பேராசிரியர். அதுவரை அங்கே பெண்களைச் சேர்த்ததில்லை. அப்பா கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி, மேலிடத்திலும் அனுமதி வாங்கினார். கூடவே சிவிலில் லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்று இரண்டு மலையாளப் பெண்கள் சேர்ந்தார்கள். திரேசியா பிற்பாடு கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரே ஆனார். இவர்கள் பட்டம் வாங்கும்போது சான்றிதழில் ஆங்கிலத்தில் 'ஹீ' என்றுதான் அச்சாகியிருந்ததாம். அதை அடித்து 'ஷீ' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வரியைப் படித்ததும் என்னுடைய ரெஸ்யூம்தான் ஞாபகம் வந்தது. அந்தச் செய்தியை வெட்டி வைத்திருக்கிறேன்.

லலிதா பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸில் மின்பாதைகளும் துணை மின் நிலைய அமைப்புகளும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைக்கான மின் வேலையிலும் இருந்தார். 1964-இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்களின் முதல் உலக மாநாட்டுக்குப் போனார். 1979-இல் காலமானார். நான் இன்றைக்கு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர், ஒரு துணை மின் நிலையத்தில் வேலை. கலாமும் சிவனும் எனக்கு வானத்தில் இருக்கிறவர்கள். லலிதா நான் தினமும் நடக்கிற யார்டில் இருக்கிறவர். பட்டியல்களில் அவரை எங்கேயோ கடைசியில் போடுகிறார்கள், பாதிப் பேர் போடுவதே இல்லை. அது எனக்கு மனசுக்கு ஆறவே இல்லை.

கேட்டதை விட்டு வேறு எங்கேயோ போகிறேன் என்று தோன்றலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மேடத்துக்கு வேறு நல்ல வேலை கிடைத்தபோது அவரால் உடனே போக முடியவில்லை. சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களையெல்லாம் நிர்வாகம் வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. கல்வியாண்டு நடுவில் தரமாட்டோம் என்றார்கள். தன் சொந்தப் பட்டத்தைத் திரும்ப வாங்க அவர் ஆபீஸ் ரூம் வாசலில் நின்றதை நானே பார்த்தேன். சம்பளமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்துத்தான் வந்ததாக அப்புறம் சொன்னார். ஒரு கல்லூரி மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள்; தனியார் கல்லூரியில் வேலை பார்த்த என் தோழிகள் இரண்டு பேருக்கும் இதே கதைதான். நல்ல ஆசிரியர்கள் ஏன் இல்லை என்று கேட்கிறவர்கள் இதையும் கேட்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சொல்லிக்கொள்ளலாம், தாராளமாக. ஆனால் நான் செய்தது போல இரண்டு வரியாகப் பிரித்து எழுதாதீர்கள். கல்லூரிப் பெயர் முதலில், அதே வரியில் அண்ணா பல்கலைக்கழகம். மறைக்கிறாய் என்று ஒருவரும் சொல்ல முடியாது, அடிக்கவும் முடியாது.

இப்போது கவுன்சலிங் வீட்டிலிருந்தே ஆன்லைனில் முடிந்துவிடுகிறது. அதனால் கல்லூரியைப் பார்க்காமலே தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். ஒருநாள் நேரில் போங்கள். வரவேற்பறையில் மாட்டியிருக்கிற கலாம் படத்தோடு திரும்பி வந்துவிட வேண்டாம். மெஷின்ஸ் லேபைக் காட்டச் சொல்லுங்கள். மோட்டார்கள் புது பெயின்ட்டோடு அழகாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். ஸ்டார்ட்டர் கைப்பிடி கை பட்டுப் பட்டுத் தேய்ந்து பளபளவென்று இருந்தால், அங்கே பிள்ளைகளை ஓட்ட விடுகிறார்கள்.