இரும்புச் சட்டியில் மருதாணி ஊறவைக்கலாமா? கேள்வி பதில்

அப்பா காலத்திலிருந்து மதுரையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறோம். தலைக்கும் மேலுக்கும் போடும் பொடிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்குப் பதில் இதோ. சொறி, படை, புண் என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

சீயக்காய் தேய்த்தால் முடி வறண்டு போகிறதே?

எண்ணெய் வைக்காமல் தேய்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சீயக்காயில் உள்ள சப்போனின்தான் அழுக்கை எடுக்கிறது. எண்ணெய் வைக்காத தலையில், முடியில் இயல்பாக இருக்கும் பசையையும் அது எடுத்துவிடும். வெந்தயமும் பச்சைப்பயறும் சேர்த்து அரையுங்கள். பூந்திக்கொட்டையைக் குறையுங்கள்.

நரைக்கு மருதாணி போட்டால் செம்பட்டையாக வருகிறது. கருப்பாக என்ன வழி?

மருதாணிச் சாயத்தின் பெயர் லாசோன். அதன் நிறமே செம்மஞ்சள்தான். கருப்பு வேண்டுமென்றால் அதன்மேல் அவுரி இலைப் பொடி (இண்டிகோ) போட வேண்டும். நம் திண்டிவனம் பக்கத்திலேயே விளைகிறது. மருதாணிப் பொடியை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் இரவே ஊறவைத்து, காலையில் தலையில் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். வெறும் தண்ணீரில் அலசுங்கள். அப்புறம்தான் அவுரியைக் கரைக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தால் பச்சைப் பட்டாணி வாசம் வரும். கால் மணி நேரத்தில் மேலே நீலம் படரும். அதுதான் பக்குவம், உடனே போட்டுவிடுங்கள். மருதாணி மாதிரி இரவே கரைத்து வைத்தால் சாயம் செத்துவிடும். அலசியதும் பச்சை தட்டினால் பயப்படாதீர்கள், காற்றுப் பட்டு ஓரிரு நாளில் கருக்கும். அதுவரை ஷாம்பு வேண்டாம்.

புதுப் பொடி எதுவானாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள்.

அவுரியே வேண்டாம், இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் மருதாணியே கருக்கும். எங்கள் பாட்டி அப்படித்தான் செய்தார்.

இதற்கு நான் "கருக்காது" என்று ஒரு வரி எழுதப்போய், பாட்டிகளுக்காக நாலு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். சரி, விரிவாகவே சொல்கிறேன்.

பாட்டி செய்தது உண்மை. அவர் கூடவே நெல்லிக்காய்ப் பொடியோ டீ டிக்காஷனோ சேர்த்திருப்பார். துவர்ப்பு இரும்பைத் தொட்டால் கருக்கும். வாழைப்பூ நறுக்கும்போது அரிவாள்மனை கருக்கிறதே, அதே சங்கதி. துவர்ப்பான கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சினார்கள். கலம்காரித் துணி ஓவியத்திலும் துணிக்குக் கடுக்காய் ஏற்றி, இரும்பும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரால்தான் கருப்புக் கோடு போடுகிறார்கள்.

வேதியியல் படித்த ஒருவர், லாசோனும் இரும்போடு சேருமே என்று கேட்டார். சேரும், ஒத்துக்கொள்கிறேன். அதனால் நேற்றிரவு நானே செய்து பார்த்தேன். என் சீப்பில் வந்த நரைமுடிகளை மூன்று கட்டாகக் கட்டி, ஒன்றைப் பீங்கான் கிண்ணத்தில் ஊறிய மருதாணியிலும், ஒன்றை இரும்புச் சட்டி மருதாணியிலும், இன்னொன்றை நெல்லிக்காய் சேர்த்த இரும்புச் சட்டி மருதாணியிலும் வைத்தேன். காலையில் முதல் கட்டு செம்புக் கம்பி நிறம், இரண்டாவது பழுப்பு, மூன்றாவது காப்பிக்கொட்டை நிறம். பழுப்பு போதும் என்பவர்கள் தாராளமாக இரும்புச் சட்டியில் ஊறவையுங்கள். கன்னங்கரேல் என்று வேண்டுமானால் அவுரிதான்.

முகத்தில் எலுமிச்சைச் சாறு தடவலாமா?

வேண்டாம். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்து, மாதக்கணக்கில் கருந்திட்டு நிற்கும். நலங்கு மாவில் போடும் கார்போகரிசியும் இதே குணம் உள்ளதுதான். கொஞ்சமாகப் போடுங்கள், நன்றாகக் கழுவிவிட்டு வெயிலில் போங்கள்.

கற்றாழை தடவினால் அரிக்கிறது.

மடலை வெட்டி நிமிர்த்தி வைத்து, மஞ்சள் பாலை வடியவிடுங்கள். அரிப்பு பெரும்பாலும் அந்தப் பாலால்தான். உள்ளே இருக்கும் கற்றாழைச் சோற்றை இரண்டு மூன்று முறை அலசியும் அரித்தால் உங்களுக்குக் கற்றாழை ஆகாது.

அசல் கஸ்தூரி மஞ்சளை எப்படிக் கண்டுபிடிப்பது?

கற்பூர வாசம் வரும். கையில் அவ்வளவாக மஞ்சள் ஒட்டாது.

எந்த எண்ணெய் போட்டால் ஒரு மாதத்தில் முடி வளரும்?

இது ஐந்தாவது முறை. அப்படி ஒரு எண்ணெய் இல்லை. கொத்துக் கொத்தாகக் கொட்டினால் ரத்தச்சோகை, தைராய்டு இரண்டையும் பரிசோதியுங்கள்.

கைக்குழந்தைக்கு மருதாணி வைக்கலாமா?

கூடாது. ஜி6பிடி என்ற நொதியில் பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு மருதாணி ரத்த அணுக்களையே உடைக்கும். குறைபாடு இருப்பது வெளியே தெரியாது.

அடுத்த வாரம் கல்யாணம். கூம்பில் வரும் கருப்பு மருதாணி வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். மருதாணிச் செடியில் கருப்புச் சாயம் கிடையாது. கொஞ்ச நேரத்திலேயே கருப்பாகப் பிடிக்கிறதென்றால் பெரும்பாலும் அதில் தலைமுடி டையில் போடும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கும். ஒரு பெண் கடைக்கு வந்து கையை நீட்டினாள். வைத்த கொடியும் பூவும் அப்படியே கொப்புளமாக எழும்பி நின்றன. டாக்டரிடம் அனுப்பினேன். இனி அவள் தலைக்கு டை போட்டாலும் அந்த ஒவ்வாமை திரும்பும். நீங்கள் பச்சை இலையைப் பறித்து, அம்மியில் அரைத்து, முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே வையுங்கள். கழுவியதும் வெளிறித்தான் இருக்கும், மணவறையில் உட்காரும்போது சிவந்திருக்கும்.