கிட்னி நோயாளிக்குப் பேதி: ஆன்டிபயாடிக் எவ்வளவு?

ஒரு மருத்துவமனையின் கிட்னி வார்டில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். வந்த கேள்விகளில் குடல் தொற்று பற்றியவை மட்டும் இங்கே.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு கிரியாட்டினின் (கிட்னி பழுதானால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 3.8. ரெண்டு நாளாகப் பேதி. மெடிக்கலில் ஆஃப்லாக்ஸசின், ஆர்னிடசோல் சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். பாதியாக உடைத்துக் கொடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. அது ஒரே மாத்திரைக்குள் ரெண்டு மருந்து. ஆஃப்லாக்ஸசின் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறும், அதனால் கிட்னி பழுதானால் அளவைக் குறைக்கணும். ஆர்னிடசோலைக் கல்லீரல் பார்த்துக்கொள்ளும், அதைக் குறைக்கத் தேவையில்லை. உடைத்தால் ரெண்டுமே பாதியாகும். சாதாரணப் பேதிக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கே வேண்டாம். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், கையில் கிரியாட்டினின் ரிப்போர்ட்டோடு.

கேள்வி: மாமியாருக்கு eGFR (கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 22. பேதிக்கு சிப்ரோஃப்ளாக்சசின் 500, காலை ஒன்று இரவு ஒன்று என்று வெளியூர் டாக்டர் எழுதியிருக்கிறார். சரியா?

பதில்: கிட்னி விஷயத்தை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அநேகமாக இப்படி எழுதியிருக்க மாட்டார். கிரியாட்டினின் கிளியரன்ஸ் (இதுவும் அந்த வடிகட்டும் வேகத்தின் கணக்குதான்) 30-க்குக் கீழே போனால் 250 முதல் 500 மி.கி., 18 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதுதான் அட்டவணை. 18 மணி நேரக் கணக்கை வீட்டில் யார் பார்ப்பது? நடைமுறையில் பல டாக்டர்கள் நாளுக்கு ஒருவேளை என்று எழுதிவிடுகிறார்கள். டயாலிசிஸ் நாளென்றால் அது முடிந்த பிறகு. போன் போட்டு ‘eGFR 22’ என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை அவர் மாற்றுவார்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. எங்கள் வார்டில் ஒரு அம்மா, சாப்பாடு முடிந்ததும் கால்சியம், இரும்புச்சத்து, சிப்ரோ எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குவார். மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. கால்சியமும் இரும்பும் சிப்ரோவைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் ஏறவே விடாது. பாஸ்பரஸுக்குத் தரும் செவலமரும் அப்படித்தான். சிப்ரோவை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்பு போடணும், இல்லாவிட்டால் 6 மணி நேரம் கழித்து. சுகர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் சிப்ரோவால் சுகர் திடீரென்று இறங்கலாம், கவனம்.

கேள்வி: அசித்ரோமைசினுக்கும் குறைக்கணுமா?

பதில்: பொதுவாக வேண்டாம், அது பித்தம் வழியாகப் போகிறது. eGFR 10-க்குக் கீழே என்றால் மட்டும் எச்சரிக்கை. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடவும்.

கேள்வி: டயாலிசிஸில் இருக்கும் அண்ணனுக்கு மலப் பரிசோதனையில் சி. டிஃபிசில் (குடலைத் தாக்கும் ஒரு கிருமி) என்று வந்திருக்கிறது. வான்கோமைசின் குடிக்கத் தருகிறார்கள். அது கிட்னிக்கு ஆகாது என்கிறார்களே?

பதில்: நரம்பில் ஏற்றும்போதுதான் அந்தப் பயம். வாய்வழி கொடுத்தால் அது குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போவது மிகக் குறைவு, கிருமியும் குடலில்தான் இருக்கிறது. 125 மி.கி., நாளுக்கு 4 வேளை, 10 நாள். டயாலிசிஸ் என்பதற்காகக் குறைப்பதில்லை. கேப்சூல் கிடைக்காத இடங்களில் ஊசி மருந்துப் பொடியையே தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தருவார்கள். பாட்டிலில் ‘இன்ஜெக்‌ஷன்’ என்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். குடல் மிகவும் புண்ணாகியிருந்தால் கொஞ்சம் உறிஞ்சப்படலாம், அப்போது ரத்தத்தில் அளவு பார்ப்பார்கள்.

கேள்வி: கிட்னி மாற்று செய்தவன் நான், மாற்றிய கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறேன். பேதிக்குக் கடையில் மாத்திரை வாங்கலாமா?

பதில்: உங்களுக்குப் பேதியே டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். அதன் மேல் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் இன்னும் ஏறும். கடையில் எதையும் வாங்காதீர்கள், மாற்று செய்த டாக்டரை இன்றே கூப்பிடுங்கள்.

கேள்வி: பேதிக்கு இளநீர் கொடுக்கலாமா அக்கா?

பதில்: இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு இளநீரில் 500 மி.கி.க்கு மேல் பொட்டாசியம் இருக்கும், டயாலிசிஸ்காரருக்கு அது ஆபத்து. ஓ.ஆர்.எஸ்-இலும் பொட்டாசியம் உண்டு, எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே ‘பிரில்’, ‘சார்டன்’ என்று முடியும் பி.பி. மாத்திரை, நீர் மாத்திரை, மெட்ஃபார்மின் இவற்றைப் பேதி நிற்கும்வரை நிறுத்தி வைக்கலாமா என்றும் கேளுங்கள். வயிற்று வலிக்கென்று டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம்.