வீரிய ஒட்டுத் தக்காளி: விதை ஏன் ஏமாற்றுகிறது?

கேள்வி: வீரிய ஒட்டுத் தக்காளியின் விதையை எடுத்து விதைத்தேன். சில செடிகள் கொடியாக ஓடுகின்றன, சில குட்டையாக நிற்கின்றன. ஏன்? நானே இரு ரகங்களைக் கலக்கலாமா?

பதில்: விதையில் கோளாறு இல்லை. வீரிய ஒட்டு என்பது இரு ரகங்களைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை. கொடி ரகத்தையும் குட்டை ரகத்தையும் கலந்தால் முதல் தலைமுறை முழுக்கக் கொடிதான். அதன் விதையிலிருந்து வரும் அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரிந்து, சுமார் 4-ல் 1 செடி குட்டையாகிவிடும்.

தாராளமாகக் கலக்கலாம். மறுநாள் விரியப்போகும், இதழ் வெளிர்மஞ்சளாக இருக்கும் மொட்டே தாய்ப்பூ. பூவின் நடுவிலுள்ள சூலகத்தண்டைச் சுற்றிக் கூம்பாக நிற்கும் மகரந்தப்பைகளை இடுக்கியால் உருவி எடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: விரிந்த பூவை எடுத்தால் அது ஏற்கெனவே தன் மகரந்தத்தாலேயே கருவுற்றிருக்கும், தண்டு நசுங்கினால் பூ உதிரும். மறுநாள் காலை தந்தை ரகத்தின் புதுப்பூவிலிருந்து மகரந்தத்தைத் தட்டியெடுத்து, தாய்ப்பூவின் சூலகமுடியில் (சூலகத்தண்டின் நுனியில்) தடவுங்கள். அடையாளத்துக்குப் புல்லி இதழ் (பூவின் அடியிலுள்ள பச்சை இதழ்) இரண்டை வெட்டிவிடுங்கள். நூல் கட்டுவதைவிட இது நம்பகம், பழுக்கும்வரை மறையாது. கடும் வெயில் காலத்தில் மகரந்தம் வீரியமிழக்கும், அப்போது முயலவேண்டாம்.

நன்கு பழுத்ததும் விதையைச் சாற்றோடு 1 அல்லது 2 நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்துங்கள்.