பாட்டி புடவையில் பதித்த நீலநிறப் புகைப்படம் மஞ்சளாகிப்போனதற்கு

நீலத்தை அழித்தது சோப்பு. ஆனால் படம் முழுதாகப் போய்விடவில்லை, வேறு நிறத்தில் மீட்கலாம்.

பாட்டியின் பருத்திப் புடவையில் அவருடைய கல்யாணப் படத்தைச் சயனோடைப்பில் (இரும்பு உப்புக் கரைசல் பூசி, வெயிலில் காட்டி நீலநிறப் படம் எடுக்கும் முறை) பதித்தீர்கள், சோப்புத்தூள் போட்டு அலசியதும் முகம் மஞ்சளாகிவிட்டது என்கிறீர்கள். 1842-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை அது. அதன் நீலம் ஓர் இரும்புச் சேர்மம், காரத்தன்மையுள்ள (அமிலத்துக்கு எதிரான) பொருள் பட்டால் உடைந்துவிடும். சோப்புத்தூளில் அப்படிப்பட்ட சலவை சோடா இருக்கிறது. நீங்கள் பார்க்கிற மஞ்சள், நூலில் தங்கிவிட்ட இரும்புதான்.

சந்தேகம் இருந்தால், ஓரத்தில் மிஞ்சிய நீலத்தில் விரலகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை வெறும் தண்ணீரிலும் இன்னொன்றைச் சோப்புத் தண்ணீரிலும் கால் மணி நேரம் போடுங்கள். வெறும் தண்ணீரிலும் வெளுத்தால் படம் பதிக்குமுன் புடவையில் இருந்த பழைய கஞ்சி முழுதாகப் போகவில்லை, அல்லது பதிக்கும்போது காட்டிய வெயில் போதவில்லை.

மீட்க, பால் சேர்க்காத கெட்டித் தேயிலைத் தண்ணீரை ஆறவிட்டுத் துணியை ஊறவையுங்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருளான டானின் இரும்போடு சேர்ந்து முகம் கரும்பழுப்பில் எழும்பி வரும். முதலில் சோப்புத் தண்ணீரில் போட்ட அந்தத் துணித்துண்டில் பாருங்கள், அப்புறம் புடவைக்கு வாருங்கள்.

நீலம் திரும்பாது. வெள்ளைப் பகுதியிலும் தேயிலைக் கறை ஏறும். முகத்தின் குறுக்கே ஓடும் மடிப்புக்கோட்டை மட்டும் தேய்த்துப் போக்கப் பார்க்காதீர்கள். பாட்டி வருஷக்கணக்காக மடித்து வைத்த தடம் அது, படத்தில் இருக்கட்டும். துணியும் அங்கேதான் முதலில் இற்றுப்போகும்.