பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ரிவிஷனை எப்போது தொடங்குவது?

கேள்வி கேட்டவரின் மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. பள்ளியில் அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரியில்தான் ரிவிஷன் என்று சொல்லிவிட்டார்களாம். அது போதுமா, இப்போதே தொடங்க வேண்டுமா, விடியற்காலை 4 மணிக்கு எழுப்பிப் படிக்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் திருவாரூர் பக்கம் ஒரு சின்ன ஊரில், வீட்டுத் திண்ணையிலேயே டியூஷன் எடுக்கிறேன். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள். பெரும்பாலும் அரசுப் பள்ளி, தமிழ் வழி. அதனால் நான் சொல்வது மாநிலப் பாடத்திட்டத்துக்குப் பொருந்தும். சிபிஎஸ்இ பிள்ளைகளின் கணக்கு வேறு.

நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். நடத்திய பாடத்தை மறுநாளே ஒருமுறை திருப்பிப் பார்க்கும் பழக்கம் ஜூனிலேயே வர வேண்டும். முறையான முதல் சுற்று, காலாண்டு விடுமுறை முடிந்த கையோடு அக்டோபரில் தொடங்க வேண்டும். ஜனவரியில் தொடங்குவது தாமதம்தான். நாள் இல்லாததால் அல்ல, அந்த நாட்கள் நம் பிள்ளையின் கையில் இல்லாததால்.

எப்படி என்று கேட்டால், ஒரு காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது ஜனவரி முதல் வாரம். அடுத்த வாரமே பொங்கல். எங்கள் பக்கம் அது அறுவடைக் காலமும்கூட. வீட்டில் ஆளுக்கொரு வேலை இருக்கும், பிள்ளைகளும் தப்ப முடியாது. அதற்குப் பிறகு பள்ளியில் வரிசையாகத் திருப்புதல் தேர்வுகள். ஒன்று முடிந்து பேப்பர் கைக்கு வருவதற்குள் அடுத்தது வந்துவிடும். பிப்ரவரியில் அறிவியல் செய்முறைத் தேர்வு, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கும் ஓட்டம். இடையில் சிறப்பு வகுப்பு என்று மாலை 6 மணி வரை பள்ளியிலேயே இருக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் கழித்தால், தனக்கு எந்தப் பாடம் வரவில்லையோ அதை மட்டும் உட்கார்ந்து படிக்க ஒரு பிள்ளைக்கு மிஞ்சுவது சில ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

தேர்வுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டம் போடுவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. 2025-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 28-இல் தொடங்கியது. 2026-க்கு மார்ச் 11 என்று அட்டவணை வந்தது. முந்தைய வருடத்தை மனதில் வைத்து "இன்னும் நாள் இருக்கிறது" என்று இருந்தவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் போய்விட்டது. சட்டமன்றத் தேர்தல் வரும் வருடம் வேறு, வராத வருடம் வேறு. அப்புறம் எங்கள் மாவட்டத்தில் நவம்பர், டிசம்பர் மழை. விடுமுறை அறிவித்தால் பாடம் தள்ளிப்போகும், போர்ஷன் முடிப்பது தள்ளிப்போகும். தள்ளிப்போனதெல்லாம் கடைசியில் ரிவிஷன் நாட்களைத்தான் தின்னும்.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள். 1999-இல் பத்தாம் வகுப்பு எழுதினேன். அப்போது ஸ்டடி லீவு விடுவார்கள். அதை நம்பியே வருடம் முழுவதும் சமூக அறிவியலைத் தொடவில்லை. "அது கதைதானே, ஒரு வாரத்தில் படித்துவிடலாம்" என்று எங்கள் அண்ணனும் தைரியம் சொன்னான். ஒரு வாரத்தில் படிக்கவும் செய்தேன். தேர்வு அறையில் எல்லாம் ஞாபகம் வந்தது, ஆனால் ஒன்றோடொன்று கலந்து வந்தது. ரௌலட் சட்டம், ஜாலியன்வாலா பாக், சௌரி சௌரா, தண்டி எல்லாமே தலைக்குள் இருக்கின்றன. எதற்குப் பின் எது என்பது மட்டும் இல்லை. உப்புச் சத்தியாகிரகத்தை ஒத்துழையாமை இயக்கத்துக்கு முன்னால் எழுதிவிட்டு வந்தேன். அதிலும் வேதாரண்யம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்! 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த இடம். மற்ற பாடங்களில் எண்பதுக்குக் குறையாமல் வாங்கியவள், அதில் மட்டும் 53.

அன்று புரியாதது டியூஷன் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. பிள்ளைகள் ரிவிஷன் என்று சொல்வது பெரும்பாலும் மறுபடி வாசிப்பதைத்தான். ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தி, தேல்ஸ் தேற்றத்தை மூன்று முறை ரிவிஷன் செய்துவிட்டேன் என்றாள். சரி, புத்தகத்தை மூடிவிட்டு நிரூபித்துக் காட்டு என்றேன். தேற்றத்தின் கூற்றை ஒரு சொல் பிசகாமல் எழுதினாள். முக்கோணம் வரைந்தாள். அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடும் போட்டாள். அதோடு பேனா நின்றுவிட்டது. எந்தக் கோணம் எந்தக் கோணத்துக்குச் சமம் என்று தெரியவில்லை. இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். ஒரே பார்வைதான், "அய்யோ, இது தெரியும்க்கா!" என்றாள்.

அந்த "இது தெரியும்க்கா"தான் எனக்குப் பயம். புத்தகம் திறந்திருக்கும்போது எல்லாருக்கும் எல்லாம் தெரியும். நான்காவது முறை வாசிக்கும்போது கண்ணுக்குப் பழகிப்போகிறது, அந்தப் பழக்கத்தையே பிள்ளை படிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் இதையே சோதித்திருக்கிறார்கள். ஒரு குழுவை ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவை ஒருமுறை மட்டும் வாசிக்கவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் ஞாபகம் இருந்தது, வாசித்தவர்களுக்கு 40 சதவீதம். இதில் வேடிக்கை, தங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் வாசித்த குழுவினர்தான்.

மறுநாளே திருப்பிப் பார்க்கச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாகத் தானே மனப்பாடம் செய்து, மறந்ததை மறுபடி படிக்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தார். 1885-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ஒரு நாளில் மிச்சம் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. ஒரு மாதம் கழித்தும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. அதாவது பெரிய நஷ்டமெல்லாம் முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. பாடம் என்பது பொருளில்லாத அசை இல்லை, புரிந்து படித்தால் இன்னும் நன்றாகவே நிற்கும். ஆனாலும் ஜூனில் நடத்தியதை ஜனவரியில் முதன்முறையாகத் திறக்கும் பிள்ளை செய்வது ரிவிஷனே இல்லை, புதிதாகப் படிக்கிறது.

அதனால் என் திண்ணையில் ஒரு ஏற்பாடு உண்டு. வந்து உட்கார்ந்ததும் முதல் பத்து நிமிடம் ரஃப் நோட்டு. நேற்று பள்ளியில் நடத்தியதை யாரையும் எதையும் பார்க்காமல் எழுத வேண்டும். வராத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போகலாம். அப்புறம் புத்தகத்தைத் திறந்து கோட்டை நிரப்ப வேண்டும், சிவப்பு மையில். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்தின் சிவப்பு எழுத்துகளை மட்டும் மறுபடி எழுதிப் பார்ப்பார்கள். அக்டோபரில் முதல் சுற்று தொடங்கும்போது ஒவ்வொருவர் கையிலும் "எனக்கு எது வராது" என்ற நோட்டு ஒன்று தயாராக இருக்கும். எல்லாருக்கும் ஒரே கைடு விற்கிறார்களே, அதில் இது இருக்காது.

எல்லாப் பாடத்துக்கும் ஒரே கணக்கும் கிடையாது. கணக்குப் பாடத்துக்கு ரிவிஷன் என்று தனியாக ஒரு காலமே வேண்டாம் என்பேன். அது வாரத்தில் நான்கு நாள் கையில் பேனாவோடு நடக்க வேண்டியது. வினாத்தாள் அமைப்பைப் பாருங்கள்: 14 ஒரு மதிப்பெண், 10 இரண்டு மதிப்பெண், 10 ஐந்து மதிப்பெண், மிச்சம் 16 மதிப்பெண்ணுக்கு ஒரு செய்முறை வடிவியல், ஒரு வரைபடம். கடைசி 16 முழுக்க முழுக்க கைப்பழக்கம். காம்பஸ் நழுவாமல் பிடிக்கவும் அளவுத்திட்டம் தேர்ந்தெடுக்கவும் ஜனவரியில் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. செப்டம்பரிலிருந்து வாரத்துக்கு ஒரு வடிவியல், ஒரு வரைபடம் போட்டு வந்த சுமாரான பையன்களே அந்த 16-ஐ முழுதாக வாங்கியிருக்கிறார்கள்.

அறிவியலில் 23 அலகு. ஒரு அலகுக்கு மூன்று நாள் என்றாலே 69 நாள் ஆகிறது. ஜனவரி யோசனை அங்கேயே உடைகிறது. சமூக அறிவியலில் காலக்கோட்டையும் வரைபடத்தையும் அக்டோபரிலேயே தொடங்குங்கள். என் நிலைமை உங்கள் மகளுக்கு வர வேண்டாம். தமிழில் மனப்பாடப் பாடல்களை அடிபிறழாமல் எழுத வேண்டும். அது நடத்திய வாரத்திலேயே முடிகிற வேலை, அதன் பிறகு மாதம் ஒருமுறை எழுதிப் பார்த்தால் போதும். ஆங்கிலத்துக்குத் தினம் அரை மணி நேரம்.

"அப்படியானால் ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவிலேயே தொடங்கிவிடுகிறேன்" என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். அதுவும் வேண்டாம். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு வேறொரு இடத்தில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் பத்தாம் வகுப்புப் பாடத்தை ஓட்டி முடித்திருந்தார்கள். ஜூனில் வகுப்பில் ஆசிரியர் நடத்தும்போது அவன் காது கொடுத்துக் கேட்கவில்லை, "இதெல்லாம் படிச்சாச்சு". அரையாண்டில் மதிப்பெண் குறைந்தது. ஜனவரியில் புத்தகத்தைக் கண்டாலே அவனுக்குக் கொட்டாவி. ஒன்பதாம் வகுப்பின் இயற்கணிதம் சரியாக வராததால்தான் பத்தாம் வகுப்பின் காரணிப்படுத்துதல் அவனுக்கு உதைத்தது. அந்த இரண்டு மாதத்தை ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்குச் செலவழித்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். கீழ் வகுப்பைத் தாண்டிக் குதிக்கும் இந்த ஆசை பள்ளிகளுக்கும் இருந்ததுதான். பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் நேரே பிளஸ் டூவுக்குப் போகிறார்கள் என்றுதான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள்.

இதைப் படிக்கும்போதே ஜனவரி வந்துவிட்டது, ஒன்றும் தொடங்கவில்லை என்பவர்களுக்கு: எல்லாப் பாடத்தையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். பிள்ளையின் அரையாண்டு விடைத்தாள்கள் ஐந்தையும் எடுத்துத் தரையில் பரப்புங்கள். எந்த வகைக் கேள்வியில் மதிப்பெண் போயிருக்கிறது என்று பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்கள், கணக்கில் அந்த 16, சமூக அறிவியல் வரைபடம், தமிழ் மனப்பாடப் பகுதி, இந்த நான்கையும் முதலில் கட்டிப்போடுங்கள். திருப்புதல் தேர்வு ஒவ்வொன்றையும் மதிப்பெண்ணுக்காக எழுதாமல், எது வரவில்லை என்று கண்டுபிடிப்பதற்காக எழுதட்டும். அப்பா, அம்மா அதற்கு ஒத்துழைக்க வேண்டும், முதல் திருப்புதலில் 60 வந்தால் வீட்டைத் தலைகீழாக்கக் கூடாது.

4 மணி விஷயத்துக்கு வருகிறேன். இரவு 11 வரை விழித்திருந்த பிள்ளையை 4 மணிக்கு எழுப்பினால் புத்தகம் திறந்திருக்கும், கண் மூடியிருக்கும். என் அம்மா எனக்கு அந்த நேரத்தில் டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருக்கும், நான் சமூக அறிவியல் புத்தகத்தின் மேல் தூங்கிக்கொண்டிருப்பேன். இரவு 9:30-க்குப் படுக்கிற பிள்ளையாக இருந்தால் 5 மணிக்குத் தாராளமாக எழுப்பலாம். தேர்வு நடப்பது காலை 10 மணி முதல் 1:15 வரை, அதில் முதல் 10 நிமிடம் வினாத்தாளை வாசிக்க, அடுத்த 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க. ஆகவே பிப்ரவரி ஞாயிறுகளில் அதே 10 மணிக்கு ஒரு பழைய வினாத்தாளைக் கொடுத்து, 1:15 வரை எழுந்திருக்காமல் எழுதச் சொல்லுங்கள். டிவி ஓடக் கூடாது, உங்கள் போனும்தான். பக்கத்து வீட்டில் ஸ்பீக்கர் வைத்தால் வைக்கட்டும், தேர்வு மையத்துக்கு வெளியிலும் கல்யாண மண்டபம் இருக்கலாம்.