ராம் மீன் ஃபில்டருக்குப் பின்னாலேயே பதுங்குகிறதே, ஏன்?

கேள்வி: இரண்டடித் தொட்டியில் ஒரு ஜோடி ராம் மீன் வளர்க்கிறேன், வேறு மீன் இல்லை. எப்போதும் மரத்துண்டுக்கு அடியிலேயே கிடந்ததால் அதை எடுத்துவிட்டேன். இப்போது ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்கின்றன. கிட்டே போனாலே ஓட்டம்தான். என்ன செய்யலாம்?
– கோவை வாசகர்

முதல் வேலையாக அந்த மரத்துண்டைத் திரும்ப உள்ளே வையுங்கள். ஆபத்து வந்தால் சட்டென்று புகுந்துகொள்ள இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் ராம் தொட்டியின் நடுவில் நிதானமாகத் திரியும். அந்த இடத்தைப் பறித்தால், கிடைத்த மூலையை விட்டு அசையாது. ஒன்று போதாது, இரண்டு மூன்று இடங்களில் மறைப்பு வேண்டும். வேகவைத்து, சாயம் போகும்வரை தண்ணீர் மாற்றிய கொட்டாங்கச்சிகூடப் போதும்.

அடுத்து, இது பயமா நோயா என்று பார்த்துவிடுங்கள். கைபேசியைத் தொட்டிக்கு எதிரே நிறுத்தி, வீடியோவை ஓடவிட்டு, அரை மணி நேரம் அறையை விட்டுப் போய்விடுங்கள். ஆள் இல்லாதபோது வெளியே வந்து மணலைக் கொத்தினால் பயம்தான். அப்போதும் மூலையிலேயே நின்றுகொண்டு, செவுள் வேகமாக அடித்து, வெள்ளை நூல்போலக் கழிவு தொங்கினால் நோய் என்று சந்தேகப்பட வேண்டும். மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமா என்று டெஸ்ட் கிட்டில் பாருங்கள். தண்ணீர் 27 முதல் 30 டிகிரி இருக்கட்டும். ராம் வெனிசுவேலா, கொலம்பியாவின் ஒரினோகோ சமவெளியைச் சேர்ந்த மீன். கோவை மார்கழிக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் முடங்கிவிடும்.

சரி, பயம்தான் என்றால் மீனின் கண்ணால் தொட்டியைப் பாருங்கள். இயற்கையில் சின்ன மீனுக்குக் கொக்கும் மீன்கொத்தியும் மேலிருந்துதான் வருகின்றன. மேலே பளீரென்று எல்இடி, கீழே அந்த ஒளியைத் திருப்பி அடிக்கும் வெள்ளைக் கல், நாலு பக்கமும் வெறும் கண்ணாடி என்றால் அது எங்கே போகும்? பின்பக்கமும் இரு ஓரங்களும் கருப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். மேலே சால்வீனியா என்ற நீர்ச்செடி மிதக்கட்டும். ஆனால் மிஞ்சியதை ஏரி குளத்தில் கொட்டிவிடாதீர்கள், பரவினால் நிறுத்த முடியாது. அடியில் நன்றாகக் கழுவிய ஆற்று மணல் போடுங்கள். ராம் மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாகச் சலித்து இரை தேடும். எம்-சாண்ட் வேண்டாம், துகள்கள் கூராக இருக்கும்.

தொட்டி முழங்கால் உயரத்தில் இருந்தால் மார்பளவுக்கு ஏற்றுங்கள். தலைக்கு மேலே ஆள் நடமாடுவதைவிட நேராக முகம் தெரிவது மீனுக்கு எவ்வளவோ மேல்.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது துணை மீனைத்தான். மீன் வளர்ப்பவர்கள் இதை டிதர் மீன் என்பார்கள். நடுநீரில் ஒரு சின்னக் கூட்டம் பதறாமல் நீந்தினால், சுற்றுவட்டாரத்தில் எதிரி இல்லை என்று ராம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் தொட்டிக்கு எட்டு எம்பர் டெட்ரா சரியாக இருக்கும். இரண்டு மூன்று மட்டும் வாங்கினால் அவையும் சேர்ந்து ஒளியும். டைகர் பார்ப் வேண்டவே வேண்டாம், துடுப்பைக் கடிக்கும். புதிய மீன்களைத் தனித் தொட்டியில் இரண்டு வாரமாவது வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் போடுங்கள். உறைந்த பிளட் வோர்மை (மீன் தீனியாக விற்கும் சிவப்புப் புழு) கரைத்து, மறைவிடத்துக்குப் பக்கத்தில் சிரிஞ்சால் விட்டுவிட்டு அசையாமல் உட்காருங்கள். அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக முன்பக்கம் நகர்த்துங்கள். கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட வேண்டாம்.

தைரியம் வந்தபின் ஜோடி ஒரு தட்டைக் கல்லைச் சுத்தம் செய்து, டெட்ராக்களை விரட்ட ஆரம்பிக்கலாம். முட்டையிடப் போகின்றன என்று அர்த்தம். ஆனால் ஆண் பெண்ணையே ஓயாமல் துரத்தினால் அது ஜோடி சேரவில்லை; இரண்டையும் பிரித்துவிடுங்கள்.