ரன்னிங் பேலன்ஸ் க்வெரி: கேள்வி பதில்

கேள்வி: எஸ்க்யூஎல்-லில் சம் ஓவர் (SUM() OVER) போட்டு, ஒவ்வொரு வரி வரையிலான இருப்பு எடுக்கிறேன். ஒரே தேதியில் இரண்டு பதிவு இருந்தால் இரண்டிலும் ஒரே தொகை வருகிறதே?

பதில்: ஓவருக்குள் ஆர்டர் பை (ORDER BY, வரிசைப்படுத்தல்) மட்டும் இருந்தால் டேட்டாபேஸ் 'ரேஞ்ச்' முறையை எடுத்துக்கொள்ளும், ஒரே தேதி உள்ள வரிகள் மொத்தமாகக் கூட்டப்படும். முன் இருப்பு 5,000, அன்று வரவு 2,000, பற்று 500 என்று வையுங்கள். 7,000, 6,500 என்று வரவேண்டிய இடத்தில் இரண்டு வரியிலும் 6,500 நிற்கும். 'ரோஸ் அன்பவுண்டட் ப்ரிசீடிங்' (ROWS UNBOUNDED PRECEDING) என்று எழுதுங்கள், முதல் வரியிலிருந்து அந்த வரி வரை வரிவரியாகக் கூட்டும். அதோடு விட்டுவிடாதீர்கள், ஆர்டர் பையில் தேதிக்கு அடுத்து பதிவு எண்ணும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் எந்த வரி முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இன்று 6,500 காட்டிய பற்று வரி நாளை 4,500 காட்டும். கடைசி இருப்பு சரியாகவே இருப்பதால் இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது.

கேள்வி: ஏப்ரல் மாதம் மட்டும் கேட்டால் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

பதில்: 'வேர்' (WHERE) நிபந்தனை முதலில் வடிகட்டும், விண்டோ கணக்கு (ஓவர் போட்ட கூட்டல்) அதன் பிறகுதான். உள் க்வெரியில் முழுவதையும் கணக்கிட்டு, வெளி க்வெரியில் தேதியை வடிகட்டுங்கள். பதிவுகள் லட்சக்கணக்கில் இருந்தால் ஏப்ரல் 1-க்கு முந்தையவற்றை ஒரே தொகையாகக் கூட்டி, பதிவு எண் 0 கொடுத்து, ஆரம்ப இருப்பு வரியாக யூனியன் ஆல் (UNION ALL) மூலம் சேர்க்கலாம். அங்கே 'விடக் குறைவு' என்றே ஒப்பிடுங்கள். 'குறைவு அல்லது சமம்' போட்டால் 1-ஆம் தேதிப் பதிவுகள் இருமுறை கூடும்.

கேள்வி: ஒரு கணக்கின் இருப்பு அடுத்த கணக்கில் தொடர்கிறது.

பதில்: ஓவருக்குள் பார்ட்டிஷன் பையில் (PARTITION BY, தனித்தனியாகப் பிரித்துக் கூட்டுவது) கணக்கு எண்ணைக் கொடுங்கள்.

கேள்வி: சில வரிகளில் வரவு இருந்தும் இருப்பு அசையவில்லை.

பதில்: அந்த வரிகளில் பற்று 'நல்' (NULL, மதிப்பே இல்லாத நிலை) ஆக இருக்கும். வரவிலிருந்து 'நல்'-ஐக் கழித்தால் விடையும் 'நல்'. சம் அதைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். இரண்டு பத்திக்கும் தனித்தனியே கோலெஸ் (COALESCE) போட்டு, 'நல்'-ஐ 0 ஆக்கிய பிறகு கழியுங்கள்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல் 5.7-ல் என்ன வழி?

பதில்: விண்டோ ஃபங்ஷன் 8.0-இலிருந்துதான். ஒவ்வொரு வரிக்கும் அதுவரையிலான தொகையைக் கூட்டும் சப்க்வெரி (க்வெரிக்குள் இன்னொரு க்வெரி) வைத்தால் விடை சரியாக வரும், ஆனால் ஒரே கணக்கில் 10,000 பதிவு இருந்தால் சுமார் 5 கோடி வரிகளைக் கூட்ட நேரிடும். செலக்டுக்குள் வேரியபிள் வைத்துக் கூட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அது எந்த வரிசையில் கணக்கிடப்படும் என்பது உறுதியில்லை. தேதி, பதிவு எண் வரிசையில் எடுத்து, புரோகிராமில் ஒரே சுற்றில் கூட்டிக்கொள்ளுங்கள்.